யோக்கியன் இயாகோ: ஒரு சொல்லின் வரலாறும் ஒரு நாடகமும்

ஆங்கிலத்தில் 'ஆனஸ்ட்' என்றொரு சொல் உண்டு. பொருள் என்னவென்று பள்ளிச் சிறுவனைக் கேட்டாலும் 'நேர்மையான' என்று தயங்காமல் விடை கூறுவான். அகராதிகளும் அவ்வாறே கூறும். ஆனால் இச்சொல்லை ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தில் எதிர்கொள்ளும் மொழிபெயர்ப்பாளரின் பாடு பெரும்பாடுதான். வஞ்சகமே உருவான இயாகோவை ஒதெல்லோ, காசியோ, டெஸ்டிமோனா எனப் பலரும் 'ஆனஸ்ட்' என்று போற்றுகின்றனர். மாசற்ற டெஸ்டிமோனாவைப் பற்றி அவள் கணவனை வாட்டும் வினாவோ, அவள் 'ஆனஸ்ட்'தானா என்பது. முன்னதை 'நேர்மை' என்றும் பின்னதைக் 'கற்பு' என்றும் பெயர்த்தால் பொருட்பிழை இல்லை. ஆனால் நாடகம் கை நழுவிவிடும். ஒரே தராசில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் நிறுத்து, போலியை ஏற்றுப் பொன்னை எறிந்தான் ஒருவன் என்பதன்றோ அந்நாடகம்!

1963ஆம் ஆண்டு வெளிவந்த 'இரத்தத் திலகம்' திரைப்படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் இந்நாடகத்தின் ஒரு காட்சியை நடித்துக் காட்டியதை மூத்த வாசகர்கள் நினைவுகூரக் கூடும். கதை எளியது. வெனிஸ் நகரக் குடியரசின் படைத்தலைவன், கருநிற மூர் இனத்தவனான ஒதெல்லோ. செல்வர் மகளான டெஸ்டிமோனா தந்தைக்குத் தெரியாமல் அவனை மணக்கிறாள். தனக்கு வரவேண்டிய துணைத்தலைவர் பதவி காசியோவுக்குப் போயிற்றே என்று குமுறும் கொடிதாங்கி இயாகோ, காசியோவையும் டெஸ்டிமோனாவையும் இணைத்து அவதூறு புனைகிறான். அவன் மனைவி எமிலியா கண்டெடுத்துக் கொடுத்த ஒரு கைக்குட்டை அதற்குச் சான்றாகிறது. சைப்பிரஸ் தீவில், தன் படுக்கையிலேயே டெஸ்டிமோனா கணவன் கையால் மடிகிறாள். நாடகம் 1604 நவம்பர் முதல் நாள் லண்டன் அரண்மனையில் நடிக்கப்பட்டதற்குப் பதிவு இருக்கிறது. 'ஆனஸ்ட்' என்பதும் அதன் பெயர்ச்சொல்லும் இதில் 52 முறை வருவதாகத் திறனாய்வாளர் வில்லியம் எம்ப்சன் 1951இல் வெளியான தம் நூலில் கணக்கிட்டுக் காட்டினார். ஐந்து அங்க நாடகமொன்றில் ஒரு சொல் ஐம்பது முறைக்கு மேல் ஒலிக்கிறதென்றால், எழுதியவர் அதை அறியாமலா எழுதியிருப்பார்? கணக்கு எம்ப்சனுடையது. கீழே வரும் தீர்ப்புகளுக்கு நானே பொறுப்பு.

ஓர் ஆணின் வாய்மைக்கும் ஒரு பெண்ணின் கற்புக்கும் ஒரே சொல் எப்படி வந்து வாய்த்தது? விடை இலத்தீனில் கிடைக்கிறது. 'ஹொனோஸ்' என்றால் மதிப்பு, பெருமை. உரோமையர் அரசுப் பதவியையும் அதே சொல்லால் குறித்தனர். அதிலிருந்து பிறந்தது 'ஹொனெஸ்துஸ்': மதிப்புப் பெற்றவர், மதிக்கத்தக்கவர். இங்கே பிறர் பார்வையே அளவுகோல் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று இச்சொல் முதலில் கேட்கவில்லை. ஊரார் அவரை எந்த இருக்கையில் அமர்த்துகின்றனர் என்றே கேட்டது.

நம் திருச்சபை பல நூற்றாண்டுகள் கையாண்ட வுல்காத்தா எனும் இலத்தீன் விவிலியத்தில் இதற்கு வியப்பான சான்றுகள் உள்ளன. சீராக்கின் ஞானம் 11:14, வறுமையும் செல்வமும் ஆண்டவரிடமிருந்தே வருகின்றன என்று போதிக்கிறது. கிரேக்கத்தில் 'செல்வம்' என்று தெளிவாக இருக்கும் இடத்தில் இலத்தீன் பாடம் 'ஹொனெஸ்தாஸ்' என்கிறது! சாலமோனின் ஞானம் பத்தாம் அதிகாரத்திலும், யாக்கோபைக் கடவுள் செல்வராக்கினார் என்னும் பொருளில் இதே சொல்லின் வினைவடிவம் வருகிறது. (இவ்விரு நூல்களையும் புனித எரோணிமு தாமே பெயர்க்கவில்லை, அவருக்கு முன்பிருந்த பழைய இலத்தீன் பாடமே வுல்காத்தாவில் இடம்பெற்றது.) திருத்தூதர் பணிகள் 13:50இல், பிசிதியாவின் அந்தியோக்கியாவிலே பவுலுக்கும் பர்னபாவுக்கும் எதிராகத் தூண்டிவிடப்பட்ட உயர்குடி மகளிரைக் குறிக்கவும் இலத்தீன் பாடம் இச்சொல்லையே ஆள்கிறது. நற்செய்தியாளரை ஊரைவிட்டுத் துரத்தத் துணைபோனவர்கள் 'ஹொனெஸ்தே'! இன்றைய பொருளை மட்டும் அறிந்த ஒருவர் இவ்விடத்தை வாசித்தால் திகைத்துப்போவார்.

உரோமைச் சட்டமும் இச்சொல்லுக்குக் கூர்மை தீட்டியது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டளவில் மக்களை இரு பிரிவாக வகுத்துத் தண்டனை வழங்கும் வழக்கம் உறுதிப்பட்டது. ஆட்சி மன்றத்தார், குதிரைவீரர் எனப்பட்ட செல்வக்குடியினர், நகர மன்ற உறுப்பினர், ஓய்வுபெற்ற படைவீரர் ஆகியோர் 'ஹொனெஸ்தியோரெஸ்', அதாவது மேலானவர். ஏனையோர் 'ஹுமிலியோரெஸ்', தாழ்ந்தவர். ஒரே குற்றத்துக்கு மேலானவர் நாடு கடத்தப்படலாம், அல்லது வாளால் விரைவில் சாகலாம். தாழ்ந்தவருக்கோ சுரங்க அடிமைவேலை, கொடிய விலங்குகள், சிலுவை. இப்பிரிவு சட்டச் சொல்லாக வடிவம் பெறுமுன்பே அந்த மனப்பான்மை இருந்தது. உரோமைக் குடிமகனாகிய பவுல் வாளால் வெட்டுண்டார், கலிலேயா மீனவராகிய பேதுரு சிலுவையில் அறையப்பட்டார் என்னும் மரபில் அதன் சாயலைக் காண்கிறோம். நம் ஆண்டவர் ஏற்ற சாவும் 'ஹொனெஸ்துஸ்' அல்லாதவருக்கு உரிய சாவே.

இச்சொல்லை ஊராரின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்து உள்ளத்தில் நட முயன்றவர்களும் உரோமையிலேயே இருந்தனர். அவர்களில் தலையாயவர் சிசெரோ. கி.மு. 44இல், ஏதென்சில் பயின்றுகொண்டிருந்த தம் மகனுக்காக அவர் எழுதிய 'கடமைகள்' என்னும் நூல், 'ஹொனெஸ்தும்' எனும் நற்பண்பையும் 'பயன்' என்பதையும் எதிரெதிரே நிறுத்தி ஆராய்கிறது. கிரேக்க ஸ்தோயிக்கர்கள் 'அழகியது' என்ற கருத்தை அவர் 'ஹொனெஸ்தும்' என்று பெயர்த்தார். பெயர்த்ததோடு நில்லாமல், யாரும் புகழாவிட்டாலும் தன் இயல்பாலேயே புகழுக்குரியது எதுவோ அதுவே ஹொனெஸ்தும் என்றார். மதிப்பிலிருந்து பிறந்த சொல்லை மதிப்போரே இல்லாத இடத்திலும் நிற்கச் செய்தது சிறு செயலன்று.

அந்நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வணிகர் வருகிறார். ரோடு தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறார் அவர். வேறு பல தானியக் கப்பல்களும் பின்னே வந்துகொண்டிருப்பதை வழியில் கண்டிருக்கிறார். அதைச் சொன்னால் விலை விழும்; சொல்லாவிட்டால் கொள்ளை இலாபம். பாபிலோன் தியோஜெனஸ் என்னும் மெய்யியலார், அவர் பொய் சொல்லவில்லையே, சொல்லாதிருப்பது வேறு மறைப்பது வேறு என்று வாதிடுகிறார். அவருடைய மாணவர் அந்திப்பாத்தரோ, வாங்குவோர் அறியவேண்டியதை எல்லாம் சொல்லியே ஆகவேண்டும் என்கிறார். சிசெரோ மாணவர் பக்கம் சாய்கிறார். ஏறத்தாழ நானூற்று முப்பது ஆண்டுகள் கழித்து மிலான் ஆயர் புனித அம்புரோசு, அதே தலைப்பில் தம் குருக்களுக்கு ஒரு நூல் எழுதியபோது, தானியத்தைப் பதுக்கி விலையேற்றத்துக்குக் காத்திருப்போரை மிகக் கடுமையாகச் சாடினார். பிற்காலத்தில் புனித தோமா அக்குவினாசும் இச்சொல்லை எடுத்துக்கொண்டு, அகத்தின் அழகே இது என்று விளக்கம் தந்தார். அறிஞரின் நூல்களில் சொல் உள்ளே குடியேறிவிட்டது. ஆனால் சந்தையிலும் அரண்மனையிலும் அது வாசலிலேயே நின்றது.

பிரெஞ்சு மொழி வழியே 'ஆனஸ்ட்' ஆங்கிலத்துக்கு வந்தபோது பழைய மூட்டை முடிச்சுகளை எல்லாம் சுமந்துகொண்டே வந்தது. மதிப்புக்குரிய குடியில் பிறந்தவர், ஒழுக்கமுள்ளவர், ஏமாற்றாதவர் என ஆண்களுக்குப் பல பொருள்கள். பெண்ணுக்கோ பெரும்பாலும் ஒரே பொருள்: கற்புடையவள். ஒருத்தியை 'ஆனஸ்ட் பெண்ணாக்குவது' என்றால் அவளை மணந்துகொள்வது என்று அண்மைக்காலம்வரை அம்மொழியில் வழங்கி வந்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில் இன்னொரு பொருளும் தொற்றிக்கொண்டது. மேலோர் தமக்குக் கீழுள்ளவரை, 'நல்ல பிள்ளை, நம்பலாம்' என்று முதுகில் தட்டிக்கொடுக்கும் சொல்லாகவும் அது ஆயிற்று.

இத்தனை சுமையையும் தாங்கக்கூடிய தமிழ்ச்சொல் எது? 'நேர்மை' மிகவும் தூய்மையானது. அதில் ஊரார் பார்வை இல்லை. 'வாய்மை' நாவோடு நின்றுவிடுகிறது. 'நாணயம்' சற்றே பொருந்தும். கொடுக்கல் வாங்கலில் தவறாதவரை நாணயமானவர் என்கிறோம். காசுக்கும் அதே பெயர். இவ்விடத்தில் ஒரு பூச்செடி நினைவுக்கு வருகிறது. ஐரோப்பியத் தோட்டங்களில் வளரும் அச்செடியின் விதையுறை காய்ந்தபின் வெள்ளிக்காசு போல வட்டமாய், ஒளி ஊடுருவும்படி மெல்லியதாய் நிற்கும். உள்ளிருப்பது வெளியே தெரிவதால் ஆங்கிலேயர் அதற்கு 'ஆனஸ்டி' என்றே பெயரிட்டனர். அதையே பிரெஞ்சுக்காரர் 'திருத்தந்தையின் காசு' என்கின்றனர். டச்சுக்காரரோ 'யூதாசின் காசு' என்கின்றனர். ஒரே பூ, ஒரே வெள்ளி வட்டம்!

என் துணிபு, 'யோக்கியன்' என்பதே இந்நாடகத்துக்கு மிக அணுக்கமான சொல். தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். ஆயினும் தகுதியுடையவர் என்று தொடங்கி, ஒழுங்கானவர், ஏமாற்றாதவர் என விரிந்து, 'யோக்கியமான பெண்' என்று கற்பையும் தொட்டு, இறுதியில் 'பெரிய யோக்கியர்தாம்' என்று நகைப்பாகவும் முடியும் சொல் நம்மிடம் இது ஒன்றே. யோக்கியன் வருகிறான், சொம்பை எடுத்து உள்ளே வை என்று நம் பாட்டிமார் சொல்லும் பழமொழியை ஒதெல்லோவின் வீட்டில் யாரேனும் அறிந்திருந்தால் நாடகம் இரண்டாம் அங்கத்தோடு முடிந்திருக்கும்.

அவ்வீட்டில் சொம்பை எடுத்து உள்ளே வைப்பார் இல்லை. முதல் அங்கத்திலேயே ஒதெல்லோ தன் இளம் மனைவியைச் சைப்பிரசுக்குக் கூட்டிச்செல்லும் பொறுப்பை, இவன் யோக்கியன் என்று சொல்லி இயாகோவிடம் ஒப்படைக்கிறான். இயாகோவுக்கு அச்சொல் பாராட்டும் அன்று, ஆறுதலும் அன்று. பதவி காசியோவுக்கு, பட்டப்பெயர் தனக்கு. தன்னை ஒரே படியில் நிறுத்தி வைக்கும் சொல் அதுவே என்பதை அவன் உணர்ந்திருக்கிறான். ஆகவே அச்சொல்லையே கருவியாக்கிக்கொள்கிறான்.

மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியை நிதானமாகப் படிக்க வேண்டும். காசியோ யோக்கியனா என்று ஒதெல்லோ கேட்கிறான். இயாகோ 'ஆம்' என்பதும் இல்லை, 'இல்லை' என்பதும் இல்லை. அச்சொல்லையே திருப்பிக் கேட்கிறான். பிறகு தயங்குகிறான், நிறுத்துகிறான், எதையோ மறைப்பவனைப் போல் முகம் வைத்துக்கொள்கிறான். அக்காட்சியின் தொடக்கத்தில் அவன் வாயிலிருந்து தெளிவான பொய் என்று சுட்டிக்காட்டத்தக்கது மிகக் குறைவு. சொல்லாதிருப்பது வேறு மறைப்பது வேறு என்ற தியோஜெனசின் வாதம் இங்கே தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. அந்த வணிகர் உள்ள செய்தியைச் சொல்லாமல் இலாபம் கண்டார். இயாகோ இல்லாத செய்தியை மறைப்பதுபோல் நடித்தே நம்பவைக்கிறான். யோக்கியன் ஒருவன் தயங்குகிறான் என்றால் ஏதோ பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒதெல்லோ முடிவு செய்கிறான். நற்பெயர் என்னும் முதலீடு வட்டியோடு திரும்புகிறது.

நற்பெயரைப் பற்றி இயாகோ இருமுறை பேசுவதையும் ஒப்புநோக்க வேண்டும். குடிவெறியில் கலகம் செய்து பதவியிழந்த காசியோ தன் பெயர் போயிற்றே என்று புலம்பும்போது, பெயர் என்பது வெறும் பொய்த்தோற்றம், தகுதியின்றி வருவதும் குற்றமின்றிப் போவதும் அதன் இயல்பு என்று தேற்றுகிறான். அடுத்த அங்கத்தில் ஒதெல்லோவிடமோ, நற்பெயரே ஆன்மாவின் அணிகலன் என்று உருகுகிறான். இவற்றில் எது அவன் கருத்து? முதலாவதே என்று எண்ணுகிறேன். நாடகத்திலேயே அதிகமாகப் பொய் பேசும் வாயிலிருந்து, நற்பெயரைப் பற்றிய உண்மை இவ்வாறு போகிறபோக்கில் வந்து விழுகிறது.

இனிப் பெண்களிடம் வருவோம். நான்காம் அங்கத்தில் ஒதெல்லோ மனைவியை நேருக்கு நேர் நிறுத்தி அவள் யோக்கியமானவளா என்று வினவுகிறான். தன்னை அவ்வாறே கருதுவதாக நம்புகிறேன் என்ற அளவில் அவள் விடை அமைகிறது. பாருங்கள், அந்த விடையிலும் சொல்லின் பழைய இலத்தீன் பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தான் என்னவாக இருக்கிறாள் என்பதைவிட அவன் தன்னை என்னவாகக் கருதுகிறான் என்பதே அவள் நாவில் முதலில் வருகிறது. ஆணுக்கு இச்சொல்லைப் பெறுவது எளிது. யாராவது ஒருவர் முதுகில் தட்டினால் போதும். பெண்ணுக்கோ எந்தச் சான்றும் போதாது. ஐந்தாம் அங்கத்தில், ஊரார் விலைமகள் என்று ஏசும் பியாங்காகூட, என்னை ஏசும் உங்களைப் போலவே நானும் யோக்கியமாகத்தான் வாழ்கிறேன் என்று எமிலியாவிடம் எதிர்த்துப் பேசுகிறாள். பெரும்பாலான மேடையேற்றங்களில் கவனிக்கப்படாமலே போகும் பேச்சு அது.

நம் வாசகர்களுக்குத் தனிக் கவலை தரக்கூடியது டெஸ்டிமோனாவின் கடைசிப் பேச்சு. இதைச் செய்தது யார் என்று எமிலியா கேட்க, யாருமில்லை, நானேதான் என்று சொல்லி உயிர் விடுகிறாள். அது பொய். புனித அகுஸ்தீன் ஏறத்தாழ 395இல் பொய்யைப் பற்றித் தனிநூலே எழுதி, எந்த நன்மைக்காகவும் பொய்யை அனுமதிக்க மறுத்தார். உயிர் பிரியும் நேரத்தில் பொய் சொன்னவளை 'ஆனஸ்ட்' என்னலாமா? அறநூல் ஆசிரியரின் கண்டிப்பை நான் தளர்த்த முன்வரவில்லை. ஆனால் அப்பொய் மேடையில் என்ன செய்கிறது என்பதைத் திறனாய்வாளர் பார்த்தே ஆகவேண்டும். ஒரு கணம் ஒதெல்லோ அதன் பின்னே ஒளிய முயல்கிறான். தன்னைக் கொன்றவன் நானென்று அவள் சொல்லவில்லையே என்கிறான். மறுகணமே, பொய் சொல்லி நரகத்துக்குப் போனாள், கொன்றது நானே என்று அறிக்கையிடுகிறான். அவன் வாயிலிருந்து கலப்பற்ற உண்மை வெளிப்படுவது அவளுடைய அந்தப் பொய்யால்தான். இந்தப் பெண்ணைப் பொய்யள் என்று தள்ளிவிட்டு இயாகோவை 'யோக்கியன்' என்று வைத்துக்கொள்ளும் சொல்வழக்கில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பதை நாடகம் நம் கண்முன்னே காட்டிவிடுகிறது.

ஒதெல்லோ தன் செயலுக்கு வைக்கும் பெயரும் கவனத்துக்குரியது. தன்னை மதிப்புக்குரிய கொலைகாரன் என்று அழைக்கலாம் என்றும், வெறுப்பால் அன்று, மதிப்பைக் காக்கவே செய்ததாகவும் கூறுகிறான். 'ஹொனோஸ்' என்ற வேர்ச்சொல் மீண்டும் வந்து நிற்கிறது, இம்முறை கையில் பிணத்தோடு. சாதி மாறி மணந்தவர்களைச் சொந்தக் குடும்பத்தாரே கொல்லும் கொடுமையை நம் செய்தித்தாள்கள் நெடுங்காலம் 'கௌரவக் கொலை' என்றே எழுதின. அதில் கௌரவம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பலரும் அதை 'ஆணவக் கொலை' என்று மாற்றி எழுதத் தொடங்கினர். இன்று அதுவே பெரிதும் வழங்குகிறது. ஒரு சொல்லைப் பறித்துக்கொள்வதால் கொலைகள் நின்றுவிடவில்லை. ஆயினும் கொன்றவர்களுக்கு ஒதெல்லோ தேடிய அந்த நிழல் இல்லாமற் போயிற்று. அதே காட்சியில், வாளைப் பறிகொடுத்த நிலையில், யோக்கியம் போனபின் மதிப்பு மட்டும் எதற்கு என்று ஒதெல்லோவே கேட்டுவிடுகிறான். ஒரே வேரிலிருந்து முளைத்த இரு சொற்களும் அவன் வாயில் ஒருங்கே வந்து, அங்கேயே பிரிகின்றன.

அப்படியானால் இந்நாடகத்தில் இச்சொல்லுக்கு உண்மையாகவே உரியவர் யார்? எமிலியா என்பேன். அவள் குற்றமற்றவள் அல்லள். கைக்குட்டையை எடுத்து இயாகோவிடம் கொடுத்தவள் அவள். அதைக் காணாமல் தலைவி தவிக்கும்போது தனக்குத் தெரியாது என்று சொன்னவளும் அவளே. யாரோ ஒரு பாதகன் பதவிக்காக இந்த அவதூறைக் கிளப்பியிருக்க வேண்டும் என்று அவள் ஊகித்துச் சொன்னபோது, அப்பாதகன் அவள் பக்கத்திலேயே நின்றான். அப்போதே அப்படித்தான் நினைத்தேன் என்று கடைசிக் காட்சியில் ஒரு சொல் அவள் வாய்தவறி வருகிறது. தெரிந்தும் தெரியாமலும் இருந்த மனைவியரின் வேதனை முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

யோக்கியன் இயாகோ சொன்னான் என்று ஒதெல்லோ கூறும்போது, 'என் கணவரா?' என்று அவள் மீண்டும் மீண்டும் கேட்கிறாள். காதில் விழாமல் கேட்பதன்று அது. நம்பிக்கை ஒன்று உடையும் ஓசை. வாயை மூடு, வீட்டுக்குப் போ என்று இயாகோ ஆணையிடுகிறான். கணவனுக்குக் கீழ்ப்படிவது முறையே, இப்போது அன்று. இனி நான் வீடு திரும்பாமலே போகலாம் என்கிறாள் அவள். கைக்குட்டையின் கதையை, தன் பங்கையும் மறைக்காமல், எல்லார் முன்னிலும் சொல்கிறாள். அந்திப்பாத்தர் வணிகரிடம் கேட்டது இதுதான். ஆனால் அவ்வணிகர் இழக்கவிருந்தது இலாபத்தை மட்டுமே. இயாகோ அவளைக் குத்துகிறான்.

அதன்பின் அவனை யாரும் யோக்கியன் என்று அழைக்கவில்லை. அந்தச் சொல்லை எமிலியாவுக்கு வழங்கவும் மேடையில் இருந்தவர்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை. தன் தலைவியின் அருகில் தன்னைக் கிடத்துங்கள் என்பதே அவள் கேட்டது. அதைச் செய்து காட்டும் இயக்குநர்கள் உண்டு. அவளை விழுந்த இடத்திலேயே விட்டுவிடுபவர்களும் உண்டு.